அறுபத்தோரு கடைகளும் ஒரு படியும்

அத்தியாயம் ஆறு

'நகரின் நம்பர் ஒன் நம்பகமான சக்கர நாற்காலி ரிப்பேர் 24 மணி நேர சேவை குறைந்த கட்டணம் இப்போதே அழையுங்கள்.'

இது ஒரு கடையின் பெயராம். இதை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டால் கூப்பிடுகிறவனுக்கு மூச்சு வாங்கும். இப்படி ஒரு கடை இருந்தாலே ஊர் தாங்காது. இணைய வரைபடத்தில் மூன்றே வாரத்தில் அறுபத்தோரு கடைகள் முளைத்திருந்தன. எல்லாவற்றுக்கும் இதே பெயர், ஒரே போன் நம்பர். டைல்ஸ் கடைக்குள் ஒன்று, டியூஷன் சென்டர் மாடியில் ஒன்று, அச்சகத்தின் பின்கட்டில் ஒன்று என்று சகட்டுமேனிக்குப் புள்ளி வைத்திருந்தான் எவனோ.

அந்த வரைபடத்துக்கு முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கி ஒரு கடையைச் சேர்க்கலாம், ஒரு தெருவைத் திருத்தலாம். சம்பளமும் கிடையாது. நல்லவர்கள் சும்மா செய்கிற வேலைக்குள் அயோக்கியர்களும் சும்மாவே நுழையலாம். அவர்களைத் துரத்துவதற்கென்று ஊருக்கு ஊர் ஒரு தன்னார்வலர் குழு உண்டு. குழுவில் எல்லாருக்கும் புனைபெயர்தான். சொந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் அடக்கம் இல்லை.

நம் ஆளின் பெயர் முட்டுச்சந்து. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். அவன் முதன்முதலில் வரைந்த தெரு ஒரு முட்டுச்சந்து, அதையும் கோணலாக வரைந்தான், பெயர் ஒட்டிக்கொண்டது. அவனை இந்த வேலையில் இழுத்துவிட்டவள் அவனுடைய அண்ணி. தொழிலில் லிஃப்ட் பரிசோதகர், குழுவில் 'மேல்மாடி'. போன மாதம் வரைபடத்தில் குளத்துக்கு நடுவில் மூன்று நட்சத்திர ஹோட்டல் கட்டியவனை வீடு தேடிப்போய்ப் பிடித்தவள் அவள்தான்.

சனிக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினி, பக்கத்தில் ஆறிப்போன இரண்டு டீ. அண்ணன் ஜன்னலோரம் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி, சம்பளம் இல்லாத வேலைக்கு ஒரு வீட்டில் இரண்டு பேர் எதற்கு என்று தன் வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டு அடுத்த சட்டைக்குப் போனான்.

குழுத் தலைவர் அன்று மாலை நாலு மணிக்குக் கூட்டம் என்று அறிவித்திருந்தார். தலைவர் பல்செட் செய்பவர். பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் கடித்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார். குற்றவாளி யார் என்பதையும் அவரே கடித்து முடித்திருந்தார். அந்த அறுபத்தோரு பதிவுகளிலும் இருந்த போன் நம்பர், பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் சக்கர நாற்காலி ரிப்பேர் செய்யும் ஒரு பெண்ணுடையது. அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் அவள் ரிப்பேர் அக்கா. அவளும் சக்கர நாற்காலியில் இருப்பவள்தான், அவளும் இந்த வரைபடத்தில் எழுதுகிறவள்தான். அது போதாதென்று, ஒவ்வொரு பொய்ப் பதிவின் கீழும் அந்தக் கட்டடத்துக்கு எத்தனை படி என்று எழுதியிருந்தது. சக்கர நாற்காலிக்காரியைத் தவிர படியைப் பற்றிக் கவலைப்பட இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று தலைவர் கேட்டிருந்தார்.

முதல் நடவடிக்கையாக ஒன்பது நாளைக்கு முன்பே அவளுடைய உண்மையான கடையை வரைபடத்திலிருந்து அவர் தூக்கிவிட்டார். இன்றைக்கு ஓட்டெடுப்பு. பாதிக்கு மேல் கை தூக்கினால் அவள் நிரந்தரமாக வெளியே; அந்தக் கடை இனி வரைபடத்தில் எந்தக் காலத்திலும் வராது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று ஒரு செயலி இருக்கிறது. அது இந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் வழி சொல்லும். நடுத்தெருவில் சக்கரம் கழன்றவன் அதைத்தான் திறப்பான். அதில் இல்லாத கடை அவனைப் பொறுத்தவரை ஊரிலேயே இல்லை.

முட்டுச்சந்துக்கும் தலைவர் சொல்வது சரியென்றே பட்டது. நம்பர் அவளுடையது, தொழில் அவளுடையது, படிக் கவலையும் அவளுடையது. இதற்கு மேல் கையெழுத்துப் போட்டு போட்டோவும் ஒட்டித் தருவாளா என்றான்.

அண்ணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஸ்பேம் போடுறவன் சோம்பேறி, தம்பி. ஒரே வரியை அறுபது தடவை ஒட்டிட்டுப் போயிடுவான். இவன் அறுபத்தோரு வாசலுக்கும் போய் படி எண்ணியிருக்கான். ஒட்டுறவனுக்கு எதுக்கு இவ்வளவு உழைப்பு?"

"சும்மா வாய்க்கு வந்த படிக்கணக்கைப் போட்டிருப்பான்."

"அப்ப போய்ப் பார்ப்போம். செருப்பைப் போடு."

குழுவில் மற்றவர்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே ஊரைச் சுத்தம் செய்துவிடலாம் என்று நம்புகிற கூட்டம் அது. நேரில் பார்க்காமல் எதையும் அழிக்கக்கூடாது என்பது வரைபடத்தின் முதல் விதி. அதை நன்றாக அச்சடித்துக் கூட்ட அறையில் மாட்டியும் வைத்திருந்தார்கள்.

பதினேழாம் நம்பர் பொய்க் கடை ஒரு டைல்ஸ் கடைக்குள் இருந்தது. பதிவில் ஆறு படி என்று போட்டிருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் இரண்டுதான் தெரிந்தது. பொய்தானே என்று முட்டுச்சந்து திரும்பப் பார்த்தான். அண்ணி உள்ளே நடந்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளி, அடுக்கி வைத்த டைல்ஸைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் குடோனுக்கு ஏற இன்னும் மூன்று படிகள். மொத்தம் ஐந்து. கடைக்காரர் களைத்துப்போன குரலில், நாற்காலி ரிப்பேரா, இது நாற்காலி ரிப்பேர் கடை இல்லை என்றார். இந்த மாதத்தில் மட்டும் பத்துப் பதினைந்து பேரிடம் இதையே சொல்லி வாய் வலிக்கிறதாம். வந்தவர்களில் பாதிப்பேர் உடைந்த நாற்காலியோடு வந்தவர்களாம்.

டியூஷன் சென்டரில் ஒன்பது என்று போட்டிருந்தது. வாசலில் படியே இல்லை. பூட்டிய கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே போனால் எட்டு. அச்சகத்தில் நான்கு என்று போட்டிருந்த இடத்தில், காகிதக்கட்டுகளுக்குப் பின்னால் மூன்று. மூன்று இடத்திலும் கடைசிப் படிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தண்ணீர் மீட்டர் இருந்தது. அண்ணி அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினாள்.

"எல்லாத்துலயும் ஒண்ணு ஜாஸ்தி. கணக்குல ஃபெயில் ஆனவன் போல" என்றான் முட்டுச்சந்து.

கணக்கில் ஃபெயில் ஆகிறவன் ஒரே மாதிரி ஆகமாட்டான், ஒரு தடவை கூட்டுவான், ஒரு தடவை குறைப்பான் என்று அண்ணி சொன்னாள். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. லிஃப்டுக்குள் போனவர்களைப் போல அவளுக்கு ஒரு மௌனம் உண்டு. மாடி வந்தால்தான் கதவு திறக்கும்.

ரிப்பேர் அக்காவின் கடைக்குப் போனபோது மணி இரண்டு. ஒரே ஒரு அறை, வாசலில் சிமெண்டுச் சரிவு. சுவர் முழுக்கச் சக்கரங்கள் மாட்டியிருந்தன. அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இன்னொரு நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு பேரிங்குக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் குழுவிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்ததும் கையைத் துடைக்காமலேயே பேச ஆரம்பித்தாள்.

நாள் தவறாமல் நாலைந்து போன். டைல்ஸ் கடையில் நிற்கிறோம், அச்சகத்தில் நிற்கிறோம், நீ எங்கேம்மா இருக்கிறாய், விளையாடுகிறாயா என்று திட்டு. நேற்று ஒருவர் மூன்று பொய்க் கடைகளுக்கு அலைந்து, நாலாவதாக போனில் வழி கேட்டு அவளைக் கண்டுபிடித்து வந்து, வந்த வேகத்தில் அழுதார். குழுவுக்கு ஏழு தடவை எழுதிவிட்டாள். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு பதில் வந்தது. அடுத்த நாள் கடை காணாமல் போனது.

குழுவில் யாருடனாவது சண்டையா என்று முட்டுச்சந்து கேட்டான். யாரோடு இல்லை என்று சொல்வது சுலபம் என்றாள் அக்கா. வாசலில் படியை வைத்துக்கொண்டு 'சக்கர நாற்காலி போகலாம்' என்று யார் எழுதினாலும் அந்தப் பதிவின் கீழே உண்மையை எழுதிவிடுவாளாம். தலைவருக்கு எழுதியிருக்கிறாள், மற்றவர்களுக்கும் எழுதியிருக்கிறாள். ஒருவர்கூட நன்றி சொன்னதில்லை.

அண்ணி போனில் அக்காவின் பழைய பதிவுகளைத் தேடி எடுத்து முட்டுச்சந்திடம் நீட்டினாள். 'முதல் படி 14 செ.மீ., கதவு 78 செ.மீ.' 'முதல் படி 9 செ.மீ., பலகை போட்டால் போகலாம்.' நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாம் உயரம், அகலம். ஒன்றில்கூட எண்ணிக்கை இல்லை.

"டியூஷன் சென்டருக்கு உள்ளே எத்தனை படிங்க?" என்று கேட்டாள் அண்ணி.

அக்கா கிரீஸ் டப்பாவை மூடினாள்.

"எனக்கெப்படித் தெரியும்? முதல் படியோட என் ஊர் முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் நாலு இருந்தா என்ன, நாற்பது இருந்தா என்ன? நடக்கிறவங்கதான் எண்ணுவாங்க."

காலையில் போட்டோ ஒட்டித் தருவாளா என்று கேட்ட வாய் முட்டுச்சந்துடையதுதான். அதை நினைத்து வெட்கமாக இருந்தது. தான் போட்ட அத்தனை பதிவிலும் எண்ணிக்கையைத்தானே எழுதியிருக்கிறோம் என்பதும் உறைத்தது.

நாலு மணிக் கூட்டத்தைப் பற்றி அக்காவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இடத்தைச் சொன்னதும், அங்கே எனக்கு உள்ளே வழியில்லையே என்றாள். வாசல் வரைக்கும் வாருங்கள், ஜன்னல் தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது என்றாள் அண்ணி.

கூட்ட அறை ஒரு பழைய கம்ப்யூட்டர் பயிற்சி மையம். மூலையில் பல் போன கீபோர்டுகள் குவிந்து கிடந்தன. தெருவிலிருந்து நாலு படி ஏறி, ஒரு நிலைப்படியைத் தாண்டினால் அறை. அண்ணியோடும் முட்டுச்சந்தோடும் சேர்த்து ஒன்பது பேர். தலைவருக்கு வலப்பக்கத்தில், கௌரவ ஆசனத்தில், துடைப்பம் உட்கார்ந்திருந்தார்.

துடைப்பம் என்பது அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர். தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுக்கிறவர். நாலாயிரம் ஸ்பேம்களை ஒழித்தவர் என்று எங்கே போனாலும் யாரும் கேட்காமலே சொல்வார். இந்த அறுபத்தொன்றில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்து அழித்தவரும் அவரே. அதற்காகக் குழு அவருக்கு ஒரு காபி கோப்பை பரிசளித்திருந்தது. அதிலேயே அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

தலைவர் ஒவ்வொரு சொல்லாகக் கடித்து ஆரம்பித்தார். குற்றம் பெரிது என்றார். நிரூபணம் தெளிவு என்றார். கடைசியில், குற்றம் சாட்டப்பட்டவர் வந்து பதில் சொல்லக்கூட மனமில்லாதவர் என்று வருத்தத்தோடு தலையை ஆட்டினார். ஜன்னலுக்கு வெளியே, ஐந்தடி தூரத்தில், அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணி எழுந்தாள். ஓட்டெடுப்புக்கு முன்னால் ஒரு சின்ன வேலை, எல்லாரும் மாதாமாதம் வருகிற இடம், தெருவிலிருந்து இந்த அறைக்கு எத்தனை படி என்று ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எழுதித் தர வேண்டும் என்றாள். இதென்ன பள்ளிக்கூடமா என்றார் தலைவர். படம் போடுகிறவர்களுக்குப் பரீட்சை என்றால் பயமா என்று முட்டுச்சந்து சீட்டுகளை நீட்டினான். ரோஷம் வந்து எல்லாரும் எழுதினார்கள். வரைபடக்காரர்களுக்கு எண்ணுவது ஒரு வியாதி. வீட்டுச் சமையலறை ஓடுகளைக்கூட எண்ணி வைத்திருப்பார்கள்.

அண்ணியைத் தவிர எல்லாரும் எழுதி எட்டுச் சீட்டு வந்தது. முட்டுச்சந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். நாலு. நாலு. ஏழு சீட்டில் நாலு. ஒன்றில் மட்டும் ஐந்து.

"இது யார்? கண் டெஸ்ட்டுக்கு என் கடைக்கு வாங்க, சலுகை உண்டு" என்றான்.

துடைப்பம் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் குரலில் துளிப் பயமும் இல்லை. பாடம் நடத்துகிற ஆனந்தம்தான் இருந்தது.

"அஞ்சுதான் சரி. நீங்க எல்லாம் நிலைப்படியை விட்டுட்டீங்க. சக்கரத்துக்கு அதுவும் படிதான். நான் மூணு மாசமா அதையும் சேர்த்துத்தான் எண்ணுறேன். என் பதிவு எதை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க."

"பார்த்துட்டேன்" என்றாள் அண்ணி. "உங்க பேர்ல இருக்கிறதும் பார்த்துட்டேன், பேர் இல்லாம இருக்கிறதும் பார்த்துட்டேன்."

அண்ணி நிதானமாகச் சொன்னாள். போய்ப் பார்த்த பொய்க் கடைகள் மூன்றிலும் இருக்கிற படியை விட ஒன்று அதிகம். நிலைப்படியையும் சேர்த்தால் மூன்றும் சரி. எல்லாப் படியும் தெருவிலிருந்து தெரியாது, பூட்டிய கதவுக்கும் குடோனுக்கும் உள்ளே போனால்தான் எண்ண முடியும். அதுவரைக்கும் கேள்வி கேட்காமல் உள்ளே விடுவது மீட்டர் பார்க்கிறவர் ஒருவரைத்தான், மீட்டரும் அங்கேதான் இருக்கிறது.

"அந்த அக்கா எழுதின மாதிரி இருக்கணும்னுதான் படியை எண்ணிப் போட்டீங்க. அவங்க எண்ணவே மாட்டாங்க. அளப்பாங்க. முதல் படியை மட்டும். நடக்கிற உங்களுக்கு அது தோணலை."

துடைப்பம் முதலில் சிரித்துப் பார்த்தார். பிறகு தற்செயல் என்றார். பிறகு தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் துடைப்பத்தின் குரல் உடைந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மருந்துக்கடைக்கு, சக்கர நாற்காலி போகலாம் என்று அவர் எழுதினாராம். ஒரு படிதானே, அதுவும் சின்னப் படி. அவள் வந்து கீழே, 'ஒரு படிதானே என்று சொல்பவர் தூக்கிவிட வருவாரா' என்று எழுதிவிட்டாளாம்.

"இருபத்தேழு பேர் அதுக்கு லைக் போட்டாங்க. நாலாயிரம் ஸ்பேம் ஒழிச்சவன் நான். எனக்கு அத்தனை லைக் வந்ததே இல்லை."

இவ்வளவுதான் விஷயம். இருபத்தேழு லைக். அதற்காக ஒரு மனுஷன் பொய்க் கணக்குகளைத் தொடங்கி, வேலைக்குப் போன கட்டடங்களில் எல்லாம் படி எண்ணி, ராப்பகலாகக் கடை திறந்து, அதைத் தானே அழித்து, அதற்குக் கோப்பையும் வாங்கிக்கொண்டிருக்கிறார். முட்டுச்சந்துக்கு ஏதாவது கிண்டலாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. இதைக் கிண்டல் செய்வதுகூட இதற்கு மரியாதை கொடுத்தது போலாகும் என்று பட்டதால் விட்டுவிட்டான்.

தலைவர் நொடியில் கட்சி மாறினார். தனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் என்றார். துடைப்பத்தை நீக்கவும் அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்கவும் ஒரு தீர்மானம் போடலாம் என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவளை ஒழிப்பதற்கு வைத்திருந்த அதே கைகள்.

"அவங்களை உள்ளே கூப்பிடுங்க. நேர்லயே மன்னிப்புக் கேட்டுடுவோம்" என்றார் தலைவர்.

யாரும் எழுந்திருக்கவில்லை. தலைவருக்கு நாலு படியும் ஞாபகம் வரச் சற்று நேரம் பிடித்தது.

அப்போது ஜன்னலுக்கு வெளியே போன் அடித்தது. அக்கா எடுத்தாள். எங்கே நிற்கிறீர்கள், எந்தச் சக்கரம், வலியிருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டாள். அசையாமல் அங்கேயே இருங்கள், ஆள் வருகிறது என்று சொல்லி வைத்தாள். பிறகு ஜன்னல் கம்பி வழியாக உள்ளே பார்த்தாள்.

"டைல்ஸ் கடை வாசல்ல ஒரு அம்மாவும் பொண்ணும் நிக்கிறாங்க. போன்ல பழைய மேப்பை இறக்கி வச்சிருந்தாங்களாம். முன்சக்கரம் கழண்டு நாற்காலி சாஞ்சு கிடக்கு. அம்மாவைப் படிக்கட்டுல உட்கார வச்சிருக்காங்க." துடைப்பத்தைப் பார்த்தாள். "கடையை நீங்கதானே திறந்தீங்க. வாடிக்கையாளர் வந்திருக்காங்க. போய்க் கூட்டிட்டு வாங்க."

துடைப்பம் எழுந்தார். ஒருத்தரால் ஆளையும் நாற்காலியையும் தூக்க முடியாது, தலைவரும் போகட்டும் என்றாள் அக்கா. தலைவர் தீர்மானத்தை எழுதி முடித்துவிடுகிறேனே என்று இழுத்தார். அண்ணி அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி மேஜைமேல் வைத்தாள். இரண்டு பேரும் படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள். மாலை வெயில் முகத்தில் அடித்தது. இரண்டடி வைத்த தலைவர், ஏதோ தோன்றித் திரும்பினார்.

"தூக்கிட்டு எங்கே வரணும்? உங்க கடை எங்கே இருக்கு?"

ஒன்பது நாளைக்கு முன்னால் அதை அழித்தவர் கேட்டார். அக்கா நாற்காலியைத் தன் கடைப் பக்கம் திருப்பியிருந்தாள்.

"மேப்புல பாருங்க" என்றாள்.